எட்டாவது பெயர்

1804 நவம்பர். வாக்குப்பதிவின் முதல் நாள் காலை யூனிஸ் பியர்சன் இரண்டு பசுக்களையும் கறந்து முடித்து, ஞாயிற்றுக்கிழமைக்கான கறுப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு, தொப்பியின் நாடாவைத் தாடைக்குக் கீழே முடிந்து, ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தாள். வண்டி வரவில்லை.

பத்து மணிக்கு வேலிப் பக்கம் சத்தம் கேட்டது. எழுந்து ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். பக்கத்துப் பண்ணையிலிருந்து தப்பி வந்த பன்றி ஒன்று அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, காரியம் இல்லை என்பதுபோல மேப்பிள் சருகுகளைக் கிளறப் போய்விட்டது.

ஸ்டோனி ஃபோர்க் ஊரில் தேர்தல் என்றால் விதவைகளுக்குத் திருவிழா. நியூ ஜெர்சியில் ஐம்பது பவுண்டு பெறுமான சொத்துள்ள எவருக்கும் ஓட்டு உண்டு. கல்யாணமான பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு பானைகூடக் கிடையாது என்பது சட்டம் என்பதால் அவர்களுக்கு ஓட்டில்லை. விதவைக்கும் கல்யாணமாகாதவளுக்கும் உண்டு. யூனிஸுக்கு வீடும், எட்டு ஏக்கர் புல்வெளியும், பசுக்களும் இருந்தன. அதனால் ஏழெட்டு வருடங்களாகத் தேர்தலுக்குத் தேர்தல் இரண்டு கட்சிக்காரர்களும் அவள் வாசலுக்கு வண்டி அனுப்பினார்கள். ஒரு வருடம் இரண்டு வண்டிகளும் ஒரே நேரத்தில் வந்து, வண்டிக்காரர்கள் இருவரும் வேலிக் கதவருகே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஃபெடரலிஸ்ட் வண்டியில் போய் ரிபப்ளிகன் வண்டியில் திரும்பி வந்து அவள் சண்டையைத் தீர்த்து வைத்தாள். போகும் வழியெல்லாம் பேச்சு. வரும் வழியெல்லாம் பேச்சு. அது ஒரு வருடத்துக்குத் தாங்கும்.

தாங்கித்தான் ஆக வேண்டும். அவளுக்கு வயது நாற்பத்தொன்பது. கணவன் சாமுவேல் இறந்து பதினோரு வருடம். பிறந்த இரண்டு குழந்தைகளும் தொட்டிலிலேயே போய்விட்டன. ஒரே தங்கை ஓஹையோவுக்குக் குடிபெயர்ந்து, வருடத்துக்கு ஒரு கடிதம் எழுதுகிறாள். பாலாடைக்கட்டி செய்து, ஒவ்வொன்றின் மேலும் தன் கையெழுத்தில் தேதி எழுதிய சீட்டை ஒட்டி, நியூவர்க் சந்தைக்குப் போகும் வண்டியில் ஏற்றிவிடுவாள். அந்த வண்டிக்காரனுக்குக் காது கேட்காது. சில வாரங்களில் திங்கள் முதல் சனி வரை அவள் குரலைக் கேட்டவை பசுக்கள் மட்டுமே.

இதை ஊரில் ஒருவர் கவனித்திருந்தார். ஜோதம் வார்ட், ஆப்பிள் சாறு பிழியும் ஆலைக்காரர். மனைவியை இழந்தவர், ஐம்பத்திரண்டு வயது, சத்தமாகச் சிரிப்பார். ரிபப்ளிகன் கட்சிக்கு ஊரில் தூண். வாக்குச்சாவடியில் பெட்டிக்குப் பொறுப்பான நடுவரும் அவர்தான். தேர்தலுக்கு மூன்று வாரம் முன்பு யூனிஸ் ஆப்பிள் மூட்டைகளை ஆலைக்குக் கொண்டுபோனபோது, குதிரை செக்கைச் சுற்றிக்கொண்டிருக்க, அவர் பேச்சை ஆரம்பித்தார்.

"யூனிஸ், இன்னும் எத்தனை நாளைக்குத்தான் மாட்டுகிட்டயே பேசிட்டு இருப்பீங்க?"

"மாடு குறுக்கப் பேசறதில்ல, ஜோதம்."

"நானும் பேசமாட்டேன். பத்து வருஷமா என் வீட்லயும் ஆளில்ல. குறுக்கப் பேசறது எப்படின்னே மறந்துபோச்சு."

யூனிஸ் சிரித்துவிட்டாள். தன் சிரிப்பின் சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது.

"வெளையாட்டுக்குச் சொல்லல. என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்றார் அவர், கையிலிருந்த சக்கையைக் கீழே போட்டுவிட்டு.

குதிரை மூன்று சுற்று சுற்றுவதை அவள் எண்ணினாள். பிறகு, "தேர்தல் முடியட்டும், சொல்றேன்" என்றாள்.

"தேர்தலுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"கட்டிக்கிட்டா எனக்கு ஓட்டு போயிடுமே."

"அட, அந்தத் தொல்லையும் விட்டுச்சுன்னு வெச்சுக்குங்களேன்! நாலு மைல் சேத்துல நடக்க வேண்டாம். உங்க பங்கையும் சேர்த்து நானே போட்டுடறேன்."

அவர் அன்பாகத்தான் சொன்னார். ஓட்டோடு வீடும் புல்வெளியும் பசுக்களும் அவர் பெயருக்குப் போகும். அது அவர் போட்ட சட்டமில்லை. யூனிஸ் வீட்டுக்குத் திரும்பி இரண்டு தட்டுகளை மேஜைமேல் எதிரெதிரே வைத்துப் பார்த்தாள். ஒன்றை எடுத்து உள்ளே வைத்தாள். மறுநாள் மறுபடியும் இரண்டையும் வைத்துப் பார்த்தாள்.

இப்போது முதல் நாள் மதியமும் ஆகிவிட்டது, வண்டி இல்லை. ஒரு மைல் தள்ளியிருந்த வக்கீல் ஹாலிஸ்டர் வீட்டுக்கு அவளே நடந்து போனாள். அவள் எப்போதும் ஓட்டுப் போடும் ஃபெடரலிஸ்ட் கட்சியின் வண்டி அவருடையதுதான். அவர் கால்களைக் கணப்பின் முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வண்டியா? எதுக்கும்மா வண்டி? இந்தத் தடவை நாங்க நிக்கவே இல்லையே."

"நிக்கலையா?"

"மாநிலம் பூரா அவங்க பக்கம் போயிடுச்சு. தோக்கறதுக்குக் காகிதம் வேற அச்சடிக்கணுமா? ஜெயிக்கப் போறவங்களும் வண்டி அனுப்பமாட்டாங்க, அவங்களுக்கு உங்க ஓட்டு தேவையில்ல. குளிரா இருக்கு, வீட்ல இருங்க."

நடப்பது அதிபர் தேர்தல்தான், ஆனால் அதிபர் பெயரை யாரும் ஓட்டுச் சீட்டில் எழுதுவதில்லை. தங்களுக்குப் பதிலாக டிரெண்டன் நகருக்குப் போய் அதிபரைத் தேர்ந்தெடுக்கப் போகும் எட்டுப் பிரதிநிதிகளின் பெயர்களைத்தான் எழுத வேண்டும். எந்த எட்டு என்பதைக் கட்சிதான் பட்டியல் போட்டுத் தரும்.

"அப்ப எங்க பக்கத்துக்கு எட்டு பேரு யாரு?"

"யாருமில்லம்மா."

"நான் யாரை எழுதறது?"

ஹாலிஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. "உங்களுக்கு யாரைப் புடிக்குதோ எழுதுங்க. சட்டம் தடுக்கல."

அவர் பேச்சுக்குச் சொன்னார். யூனிஸ் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். வெளிச்சம் இருக்கும்போதே வீடு சேர்ந்து, பாலாடைக்கட்டிக்கு ஒட்டும் சீட்டுக்காகிதத்தில் ஒரு நீளத் துண்டைக் கிழித்து, ஒன்று முதல் எட்டு வரை எண் போட்டாள். தன் இடத்தில் நிறுத்தி வைக்கக்கூடிய எட்டு மனிதர்கள். இந்த மாநிலத்தில் எட்டு பேர்கூடவா இல்லை?

முதல் பெயர் உடனே வந்தது. டாக்டர் ஸ்டைல்ஸ். சாமுவேல் கிடையாகக் கிடந்தபோது மூன்று வைத்தியர்கள் மூன்று நோய்களைச் சொன்னார்கள். ஸ்டைல்ஸ் ஒருவர்தான், "எனக்குப் புரியலைம்மா" என்று சொல்லி, அப்படியும் பனியில் இரண்டு முறை வந்தார். இரண்டாவது, டைட்டஸ். அடிமையாகப் பிறந்து விடுதலையானவன், கிணறு தோண்டுகிறவன், சொந்தமாக வீடு வாங்கி ஓட்டும் வைத்திருந்தான். சாமுவேல் இறந்த ஜனவரியில் நிலம் இரும்பாக இறுகிக் கிடந்தது. பனி உருகட்டும், அதுவரை சவத்தைக் கொட்டகையில் வையுங்கள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். டைட்டஸ் நெருப்பு மூட்டி மண்ணை இளக்கி இளக்கி இரண்டு நாளில் குழியை வெட்டிக் கொடுத்தான். பிறகு ஒரு மாணவனைத் தப்பாக அடித்ததற்காகச் சர்ச்சில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்ட பள்ளி ஆசிரியர். அவள் கூடையைக் கரையில் மறந்துவிட்டாள் என்று பாதி ஆற்றிலிருந்து படகைத் திருப்பிய படகோட்டி. நியூவர்க்கில் அவள் சரக்கை வாங்கும் கடைக்காரர். வருடா வருடம் வசந்தத்தில் வேலியருகே வண்டியை நிறுத்தி, எதையும் விற்காமல், "சௌக்கியமா இருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகும் தகரப் பாத்திர வியாபாரி. அவன் முழுப்பெயரை நினைவுபடுத்த அரைமணி நேரம் ஆனது. ஏழாவதாகக் கொல்லர்.

எட்டாவது வரியில் பேனா நின்றது. மறுநாள், வாக்குப்பதிவின் கடைசி நாள் காலை, பசுக்களைக் கறக்கும்போதும் அந்த வரி காலியாகவே இருந்தது.

காலியாக விட்டுவிடலாம், தப்பில்லை. ஆனால் அவளுக்கு அந்த வரி யாருடையது என்று தெரியும். பிரதிநிதி அவளுக்குப் பதிலாக ஒரு நாள் டிரெண்டனில் நிற்பான். புருஷன் மிச்ச ஆயுள் முழுக்க எல்லா இடத்திலும் அவளுக்குப் பதிலாக நிற்பான். ஒரு வரியைக் கொடுக்க மனமில்லாத ஆளுக்கு வீட்டை எப்படிக் கொடுப்பது? ஜோதம் வார்ட் பொய் சொல்லி அவள் கேட்டதில்லை. குதிரையை அடித்து அவள் பார்த்ததில்லை. கட்சி வேறு, இருக்கட்டும், இந்த எட்டு பேரில் பாதிப் பேரின் கட்சி என்னவென்றே அவளுக்குத் தெரியாது.

மையைத் தொட்டு எழுதினாள். ஜோதம் வார்ட். எழுதி முடித்துப் பார்த்தபோது, அவர் ஆலையில் கேட்ட கேள்விக்கும் பதில் எழுதியாகிவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. இன்று எண்ணிக்கை முடிந்ததும் அவரிடம் சொல்லிவிடலாம். அலமாரியிலிருந்து இரண்டாவது தட்டை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

நாலு மைலும் சேறு. சாவடி வழக்கம்போல ஊர் விடுதியில். வாசலில் ரிபப்ளிகன் ஆட்கள் அச்சடித்த சீட்டுகளை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பியர்சன் அம்மா, இந்தாங்க. எழுதற வேலை மிச்சம்."

"எங்கிட்ட இருக்கு."

"இருக்கா? எந்தக் கடையில வாங்கினீங்க?" பின்னால் சிரிப்பு எழுந்தது.

உள்ளே மேஜைக்குப் பின்னால் ஜோதம், நீலக் கோட்டில், பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எழுத்தர் ஆசா, பேரேட்டோடு. வழக்கப்படி ஜோதம் எழுந்து, யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் தெரியட்டும் என்று, பெயரை உரக்கக் கூவினார்.

"யூனிஸ் பியர்சன், விதவை!" கூவிவிட்டு, கூட்டத்தைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "நல்லாக் கேட்டுக்குங்க, அடுத்த வருஷம் இந்தப் பேரைக் கூப்பிட வேண்டியிருக்காது!"

கூட்டம் ஹோவென்று கத்தியது. ஒருவன் மேஜையைத் தட்டினான். யூனிஸுக்குக் காது மடல் சுட்டது. அவள் இன்னும் பதில் சொல்லவில்லையே. சந்தோஷத்தில் வாய் முந்திவிட்டது, போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள். மடித்த சீட்டைப் பெட்டியின் வாயில் போட்டாள்.

எண்ணிக்கை மாலை நாலு மணிக்கு. அதுவரை விடுதிச் சமையலறையில், ஒரு முக்காலியில், ரோடாவோடு உட்கார்ந்திருந்தாள். ரோடா விடுதிக்காரனின் மனைவி, கை ஓயாதவள், வாயும்.

"யூனிஸக்கா, உண்மையா? ஆலைக்கார வூட்டுக்குப் போறீங்களா?"

"ஆப்பிளை நறுக்கு, ரோடா."

"நறுக்கிட்டுதான் இருக்கேன். காது சும்மாதானே இருக்கு."

நாலு மணிக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டார்கள். பெட்டியைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. ஜோதம் ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் படிக்க, ஆசா கோடு போட, படித்த சீட்டை ஜோதம் ஊசி நூலில் கோத்தார். எல்லாம் ஒரே எட்டு பெயர்கள். பத்துச் சீட்டுக்குப் பிறகு அவர் பெயர்களைப் படிப்பதைக்கூட விட்டுவிட்டு, "முழுப் பட்டியல்... முழுப் பட்டியல்..." என்று சொல்லிக்கொண்டே போனார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். அப்புறம் குரல் நின்றது.

"என்னாச்சு?" என்றார் ஆசா.

"இது வேற." ஜோதம் தொண்டையைச் செருமினார். அந்தக் கையெழுத்தை அவருக்குத் தெரியும். அவர் வீட்டு அலமாரியிலும் அதே கையெழுத்துச் சீட்டு ஒட்டிய பாலாடைக்கட்டி இருந்தது. "டாக்டர் ஸ்டைல்ஸ்."

"யாரு, நம்ம டாக்டரா?"

"எவன்டா போட்டது இதை?"

"எவனா? எவளோ!"

"டைட்டஸ்... கிணறு தோண்டற டைட்டஸ்."

விடுதியே அதிர்ந்தது. "டேய் டைட்டஸ்! உன்னை டிரெண்டனுக்கு அனுப்பறாங்களாம்டா, அதிபரைப் பொறுக்கி எடுக்க!"

வாசலோரம் நின்றிருந்த டைட்டஸின் குரல் நிதானமாகக் கேட்டது. "அனுப்பினா போறேன். நல்ல கோட்டு ஒண்ணு மட்டும் யாராச்சும் கடன் குடுங்க."

இப்போது அவனோடு சேர்ந்தே சிரித்தார்கள். பள்ளி ஆசிரியர் பெயருக்கு ஒரு சிரிப்பு, படகோட்டிக்கு ஒரு சிரிப்பு. தகரப் பாத்திர வியாபாரி பெயருக்கு யாரோ கரண்டியால் கோப்பையைத் தட்டினார்கள். யூனிஸ் மடியில் விரல்களை மடக்கிக்கொண்டே வந்தாள். கொல்லர் பெயர். ஏழு.

ஜோதம் நிறுத்தினார்.

"எட்டாவது?" என்றார் ஆசா, பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி.

கணப்பில் கட்டை ஒன்று வெடித்தது. ரோடாவின் கத்திகூட நின்றிருந்தது.

"எட்டாவது இல்ல," என்றார் ஜோதம். "ஏழோட நின்னுடுச்சு." ஊசி காகிதத்தில் இறங்கியது. "அடுத்தது. முழுப் பட்டியல்."

யூனிஸ் மடக்காமல் மிச்சமிருந்த விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எண்ணிக்கை முடிந்து, சீட்டுக் கோவையைக் கணப்பில் போட்டுவிட்டு, ஜோதம் நெற்றியைத் துடைத்தபடி சமையலறைக்கு வந்தார். அவரைப் பார்த்ததும் ரோடா, மனமில்லாமல், தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

"நல்ல வேளை," என்றார் தணிந்த குரலில், சிரித்துக்கொண்டே. "கடைசி நேரத்துல சமாளிச்சுட்டேன். ஆசா பக்கத்துலயே ஒக்காந்திருந்தான், எட்டிப் பார்த்திருந்தா அவ்வளவுதான்."

"என்னத்தைச் சமாளிச்சீங்க?"

"என்னங்க கேக்கறீங்க? என் பேரைப் படிச்சிருந்தா நான் வெளிய தலைகாட்ட முடியுமா? பதினஞ்சு வருஷம் இந்தக் கட்சிக்கு ஒழைச்சிருக்கேன். எதிர்ச்சீட்டுல என் பேரா! உங்களுக்கு அது தோணியிருக்காது, அதனால பரவாயில்ல."

"மத்தவங்க ஏழு பேரையும் படிச்சீங்களே."

"அவங்க யாரும் இங்க இல்லையே."

"டைட்டஸ் வாசல்லயே நின்னான்."

ஜோதம் சட்டைக் கையின் பொத்தானைத் திருகினார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "சரி, அது போகட்டும். தேர்தல் முடிஞ்சுது. பதில் சொல்றேன்னீங்க" என்றார்.

"சொல்லித்தான் அனுப்பியிருந்தேன்," என்றாள் யூனிஸ், தொப்பி நாடாவை முடிந்துகொண்டே. "நீங்கதானே படிச்சீங்க. எட்டாவது இல்லன்னு."

அவருக்குப் புரிய ஒரு கணம் ஆனது. முகம் வெளுத்தது. "யூனிஸ், ஒரு காகிதத் துண்டுக்காகவா? வண்டியில கொண்டு வந்து விடறேன், வழியில பேசலாம்."

"சேறு காஞ்சிருக்கும். நான் நடந்துக்கறேன்."

சேறு காயவில்லை. நாலு மைலும் செருப்பில் ஒட்டிக்கொண்டு வந்தது. வீட்டில் மேஜைமேல் இரண்டு தட்டுகளும் எதிரெதிரே இருந்தன. பசுக்கள் கறவை நேரம் தப்பிப்போய்க் கத்திக்கொண்டிருந்தன. அவள் அவற்றிடம் எதுவும் பேசவில்லை.

அந்தத் தேர்தலில் மாநிலம் முழுக்க எதிர்ப்பக்கம் விழுந்த ஓட்டுகளை விரல் விட்டு எண்ணலாம் என்று பேசிக்கொண்டார்கள். அவள் ஓட்டு அந்தக் கணக்கிலும் வரவில்லை. கட்சிப் பட்டியலில் இல்லாத பெயர்கள் என்பதால் ஆசா அதைச் சிதறிய சீட்டு ஒன்று என்று பேரேட்டில் எழுதி முடித்தார்.

அவள் வருத்தப்படவே இல்லை என்று சொல்ல முடியாது. அடுத்த ஜனவரியில் பனி வேலியை மூடியபோது, இரண்டு முறை காலணி மாட்டிக்கொண்டு ஆலைக்குப் போகும் பாதைவரை போய் நின்றாள். இரண்டு முறையும், எழுத்தர் கேட்டதும் ஜோதம் சொன்னதும் அப்படியே காதில் கேட்டது. திரும்பி வந்தாள். வசந்தத்தில் அவர் பக்கத்து ஊர் விதவை ஒருத்தியைக் கட்டிக்கொண்டார். தகரப் பாத்திர வியாபாரி வேலியருகே வண்டியை நிறுத்தி, சௌக்கியமா என்று கேட்டான். தன் பெயர் ஒரு விடுதி முழுக்க ஒலித்தது அவனுக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை.

மூன்று வருடம் கழித்து மாநிலச் சபை சட்டத்தை மாற்றியது. இனி வெள்ளை ஆண்களுக்கு மட்டும் ஓட்டு. யூனிஸுக்கு இல்லை, டைட்டஸுக்கும் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளாமல் காப்பாற்றி வைத்ததை அவர்கள் ஒரே மாலையில் எடுத்துக்கொண்டார்கள். செய்தி அவளுக்கு இரண்டு வாரம் பிந்தி, செவிட்டு வண்டிக்காரன் பாலாடைக்கட்டி சுற்றுவதற்குக் கொண்டுவந்த பழைய செய்தித்தாளில் கிடைத்தது.

1808 நவம்பரில் மறுபடியும் அதிபர் தேர்தல். இம்முறை இரண்டு கட்சியும் நின்றன. வண்டிகள் ஓடின, அவள் வீட்டைத் தாண்டி. இரண்டாம் நாள் அவள் கூடையில் பாலாடைக்கட்டியை எடுத்துக்கொண்டு நாலு மைல் நடந்து, விடுதியின் பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் நுழைந்தாள்.

"யூனிஸக்கா! இந்தச் சேத்துல எதுக்கு? சொல்லியனுப்பினா ஆள் வந்து வாங்கிக்கமாட்டானா?"

"சும்மாதான். நாலு மணி ஆச்சா?"

"ஆகப் போகுது."

"அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்து வை."

ரோடா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திறந்து வைத்தாள். உள்ளே ஜோதம் வார்டின் குரல், கொஞ்சம் தளர்ந்திருந்தது. இரண்டு பட்டியல்கள் இருந்ததால் இம்முறை அவர் எல்லாச் சீட்டையும் முழுக்கப் படிக்க வேண்டியிருந்தது. யூனிஸ் அதே முக்காலியில் உட்கார்ந்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விரலாக மடக்கினாள்.

"யாரு ஜெயிக்கறாங்கன்னு பாக்கறீங்களா?" என்றாள் ரோடா.

"இல்ல," என்றாள் யூனிஸ், கதவிலிருந்து கண்ணை எடுக்காமல். "எட்டையும் படிக்கிறாரான்னு."